புள்ளோப்புதல் முதல் பறவைக் கட்டுப்பாடு வரை: கழக்கூட்டம் வட்டாரத்தை முன்னிறுத்திய ஒரு சொல்வரலாறு

உணங்கும் நெல்லையும் மீனையும் பறவைகள் கவர்ந்து செல்லாமல் காத்தல் தமிழ் நிலத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்றாகும். சங்க இலக்கியம் இத்தொழிலைத் திணைக்குத் திணை வேறுபடுத்திக் காட்டுகிறது. அதனைக் குறித்த சொற்கள் அகராதிகளில் இன்றும் உள்ளன. வழக்கில் பெரும்பாலும் இல்லை. அவற்றின் இடத்தைப் 'பறவைக் கட்டுப்பாடு', 'பறவை ஒழிப்பு' போன்ற புதுத் தொடர்கள் பெற்றுள்ளன. பழஞ்சொல்லுக்கும் புதுத்தொடருக்கும் இடையே உள்ள வேறுபாடு வடிவளவில் நின்றுவிடுவதன்று. பழைய வினைகள் குறித்த செயல் ஒன்று. புதிய தொடர்கள் குறிக்கும் செயல் மற்றொன்று. இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதையும், வேளாண் துண்டறிக்கைகளையும் சட்டங்களையும் மொழிபெயர்ப்போருக்கு அது தரும் இடர்ப்பாடுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இவ்வாய்வுக்குக் கழக்கூட்டம் வட்டாரம் பொருத்தமான களமாக அமைகிறது. திருவனந்தபுரம் நகருக்கு வடக்கே அமைந்த இவ்வூரின் மேற்குப் புறத்தில் தும்பா, மேனங்குளம் முதலிய கடற்கரை ஊர்களும் கடினங்குளம் காயலும் உள்ளன. கிழக்கே மேட்டுநிலங்களுக்கு இடையே தாழ்ந்து கிடந்த நெல்வயல்களை மக்கள் 'ஏலா' என்பர். மீன் உணக்கும் நிலமும் நெல் உணக்கும் நிலமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த இடம் இது. மொழி நிலையிலும் இது ஓர் எல்லைப் பகுதியே. 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூர்ப் பகுதியில் அடங்கியிருந்த நாஞ்சில் நாடு தெற்கே தொலைவில் இல்லை. அந்நாட்டுத் தமிழும் திருவனந்தபுர மலையாளமும் வேளாண் சொற்களில் பெரும்பகுதியைப் பொதுவாகக் கொண்டுள்ளன. கேரளப் பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையும் மொழியியல் துறையும் அமைந்த காரியவட்டம் வளாகமும், 1977இல் தோன்றிய பன்னாட்டுத் திராவிட மொழியியல் பள்ளி இயங்கும் மேனங்குளமும் இவ்வூரை ஒட்டியே உள்ளன. இவ்விரு மொழிகளையும் ஒப்பிடுவார்க்கு இதனினும் அணுக்கமான களம் கிடைப்பது அரிது.

பழைய வினைகள்

நெய்தல் திணைப் பாடல்களில் மீன் உணங்கலைக் கவர வரும் பறவைகளை மகளிர் ஓட்டுதல் மீண்டும் மீண்டும் வரும் காட்சியாகும். நற்றிணையின் 45ஆம் பாடல் சுறாமீன் உணக்கலைக் காக்கும் பரதவர் மகளைக் காட்டுகிறது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியும் இக்காட்சியை எடுத்தாள்கிறது. பிற்கால அகப்பொருள் இலக்கணமாகிய நம்பியகப்பொருள் இதனை நெய்தல் மக்களின் தொழில்களுள் ஒன்றாகவே வகுக்கிறது. இத்தொழிலுக்குரிய வினை 'ஓப்புதல்'. பறவையைப் பொருளினின்று அகற்றி அப்பால் போகச் செய்தல் என்பதே இதன் பொருள். கொல்லுதலோ பிடித்தலோ இவ்வினையின் பொருளில் அடங்கவில்லை. பறவை மீண்டும் வரும். மீண்டும் ஓப்ப வேண்டும். நாள் முழுதும் தொடரும் செயல் என்பது இவ்வினைக்குள்ளேயே உறைகிறது. தோழியும் தலைவியும் பகலெல்லாம் கடற்கரையில் தங்கியிருக்க இலக்கியத்துக்குக் காரணம் தந்ததும் இத்தன்மையே. ஒருமுறை செய்து முடிக்கும் தொழிலாயின் தலைவன் வந்து சந்திக்க நேரம் ஏது?

குறிஞ்சியில் தினைப்புனம் காக்கும் மகளிர் கிளியை ஓட்டுகின்றனர். அங்கு வழங்கும் வினை 'கடிதல்'. நீக்குதல், விலக்குதல், அதட்டுதல் என்னும் பொருள்களை உடைய இவ்வினை இறந்தகாலத்தில் 'கடிந்தான்' என வரும். பல்லால் கவ்வுதலைக் குறிக்கும் வினையோ 'கடித்தான்' என வரும். இவ்வேறுபாடு அறியாதார் 'கிளி கடி' என்னும் தொடரைக் கண்டு கிளி கொத்தியதாகப் பொருள் கொள்ள இடமுண்டு. வினைத்தொகையில் காலங்காட்டும் உறுப்பு மறைந்துவிடுவதால் இடர் மேலும் பெருகுகிறது.

கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டு கிளி கடியும் கருவிகளாகத் தழல், தட்டை, குளிர் என்னும் மூன்றைக் குறிப்பிடுகிறது. தழல் என்பது கையால் சுற்றும்போது ஓசை எழுப்பும் கருவி என்றும், தட்டை என்பது மூங்கிலைப் பல பிளவாகப் பிளந்து ஒன்றில் தட்டி ஓசை உண்டாக்கும் கருவி என்றும் பழைய உரை விளக்குகிறது. இம்மூன்று பெயர்களும் இன்றைய தமிழில் வேறு பொருளிலேயே வழங்குகின்றன. தழல் நெருப்பு, குளிர் தட்பம், தட்டை மேடு பள்ளம் அற்ற தன்மை. சிற்றகராதி ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கப் புகுவார் தினைப்புனத்துப் பரண்மீது நெருப்பையும் குளிரையும் ஒருங்கே ஏற்றிவிடக் கூடும். பெயர்கள் மறைந்தாலும் கருவியின் கோட்பாடு மறையவில்லை. இன்று வயல்களில் கட்டப்படும் ஒளிர்பட்டை ஒரு புறம் சிவப்பும் மறுபுறம் வெள்ளி நிறமும் கொண்ட மெல்லிய நெகிழிப் பட்டையாகும். காற்றில் அதிர்ந்து முரலும் ஓசையாலும் வெயிலில் மின்னும் ஒளியாலும் அது பறவையை வெருட்டுகிறது. பட்டையைக் கட்டும் உழவர் தம்மை அறியாமலே தழலின் வழிமுறையைப் பின்பற்றுகின்றனர்.

புனத்தில் பறவை ஓட்ட எழுப்பும் குரல் 'ஆலோலம்' எனப்படும். வள்ளி திருமண நாடகத்தால் தமிழகத்தில் இச்சொல் எல்லார்க்கும் தெரிந்தது. மலையாளத்தில் 'ஆலோலம்' மெல்ல அசைதலைக் குறிக்கும். தாலாட்டோடு சேர்ந்து வரும். பறவையை வெருட்டும் குரலும் குழந்தையைத் துயிற்றும் அசைவும் ஒரே வடிவச் சொல்லால் இரு மொழிகளில் குறிக்கப்படுவது ஒப்பிலக்கண மாணவர்க்குச் சுவையான செய்தி; உரையாடலை மொழிபெயர்ப்பவர்க்கு அவ்வளவு சுவையானதன்று.

மனையும் களமும்

இதுவரை கூறியவை திறந்தவெளியைச் சார்ந்தவை. பறவை கட்டடத்துக்குள் வரும்போது சொல்லும் மாறுகிறது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் வளமனை முற்றத்தில் உணவுப்பொருள் காய்கிறது. அதனைக் கவர வந்த கோழியை மகளிர் தம் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகின்றனர். அக்குழை சிறுவரின் முக்கால் தேரைத் தடுக்கிறது. வளத்தின் மிகுதியைக் காட்ட வந்த இக்காட்சியில் வினை 'எறிதல்'. இங்குக் கருவியும் இல்லை, காவற்பரணும் இல்லை. கைக்குக் கிடைத்ததை எறிந்து விரட்டுதல் மனைமுற்றத்தின் முறை. இன்றும் அதுவே முறை, குழைதான் இல்லை.

குறுந்தொகை 46ஆம் பாடல் இதனினும் நுட்பமானது. மாமலாடனார் காட்டும் சிட்டுக்குருவி மனையில் உறைவது. அது முற்றத்தில் காயும் தானியத்தை உண்டு, பொதுவிடத்து எருத்துகளில் குடைந்து ஆடி, வீட்டின் இறப்பில் குஞ்சுகளோடு தங்குகிறது. வேளாண் கட்டடத்துள் பறவை ஏன் வருகிறது என்பதற்கு இன்றைய நூல்கள் கூறும் காரணங்கள் உணவு, ஒதுங்கிடம், கூடு கட்ட இடம் என்பன. இவை அனைத்தும் அக்குறும்பாட்டில் அமைந்துள்ளன. எனினும் அங்குக் குருவியை ஓட்டும் வினை ஒன்றுமில்லை. பிரிந்து சென்ற தலைவனின் நாட்டிலும் இத்தகைய மாலைப்பொழுது இல்லையோ என்று தலைவி ஏங்குவதற்குக் குருவியின் குடும்பம் காரணமாகிறது. இப்பாடலில் 'இறை' என்பது இறப்பு, அதாவது கூரையின் தாழ்வாரப் பகுதி. அரசன், கடவுள், வரி என்னும் பொருள்களில் ஏதேனும் ஒன்றை இங்கே கொண்டால் குருவி கோயிலுக்கோ கருவூலத்துக்கோ சென்றுவிடும்.

கழக்கூட்டம் வட்டாரத்தில் நெல் கட்டடங்களுக்குரிய சொற்கள் வளமானவை. களத்தை ஒட்டிய கட்டடம் 'களப்புர'. நெல் சேமிக்கும் அறைகள் கொண்ட மனை 'அறப்புர'. மரப்பலகையால் அமைந்த நெற்பெட்டி 'பத்தாயம்'. இச்சொல் நாஞ்சில் நாட்டிலும் தஞ்சைப் பகுதியிலும் தமிழாகவே வழங்குகிறது. பிற தமிழ் மாவட்டங்களில் குதிர், குலுக்கை, தொம்பை, சேர் என மண்ணாலும் மூங்கிலாலும் வைக்கோலாலும் அமைந்தவற்றுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மாட்டுத் தொழுவத்தைத் திருவனந்தபுரப் பேச்சு வழக்கு 'எருத்தில்' என்கிறது. எருதின் இல் எனப் பிரித்துப் பொருள்கொள்ளத் தக்க இவ்வடிவம் தமிழர்க்கு உடனே விளங்கும்.

இக்கட்டடங்களில் பறவையைத் தடுத்தது பெரும்பாலும் கட்டட அமைப்பே. பத்தாயத்துக்கு மூடியுண்டு, அறப்புரையின் பலகைச் சுவரில் குருவி நுழையும் இடைவெளி இல்லை. காவலாள் செய்ய வேண்டிய வேலையைத் தச்சன் முன்கூட்டியே செய்து முடித்திருந்தான். ஆகவேதான் களஞ்சியத்தின் உள்ளே பறவை ஓட்டுவதற்கெனத் தனி வினை தோன்றவில்லை எனலாம். காற்றுக்கு விடப்பட்ட சிறு திறப்பை மலையாளம் 'கிளிவாதில்' என்கிறது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் கிளியின் வாயில். சிறு சன்னலைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்ட இதனுள், பறவை புகும் வழி அது என்னும் கண்ணோட்டம் படிந்திருக்கிறது. தமிழ் அதே திறப்பைக் 'காலதர்' என்றது. காற்று வரும் வழி என்பது அதன் பொருள். ஒரே துளையை ஒரு மொழி காற்றுக்கும் மற்றொரு மொழி பறவைக்கும் உரியதாக்கியுள்ளது.

இங்கு ஒரு சொல்லைப் பற்றி விரிவாகக் கூற வேண்டியுள்ளது. தமிழில் 'கிளி' பச்சைக்கிளியையே குறிக்கும். மலையாளத்தில் அது பச்சைக்கிளியையும் குறிக்கும், சிறு பறவை எதனையும் குறிக்கும். ஆகவே மலையாளத்துக் 'கிளியாட்டுக' என்பதனைக் 'கிளி விரட்டுதல்' எனத் தமிழாக்கினால் பொருள் குறுகிவிடும். 'பறவை ஓட்டுதல்' என்பதே ஏற்றது. மறுதலையாகக் குறிஞ்சித் திணையின் கிளி கடிதலை மலையாளத்தில் வெறும் கிளியாக்கினால் தினைக்கதிரைக் கொய்யும் பச்சைக்கிளி பெயரற்ற ஒரு சிறு பறவையாகிவிடும். உழவர்க்கான குறிப்பில் இவ்வேறுபாடு விளைவற்றதன்று. பச்சைக்கிளி கதிரையே கொய்து செல்வது. சில்லைகள் பயிரில் அமர்ந்து மணிகளை உருவி உண்பவை. புறா களத்தில் சிதறியதைப் பொறுக்குவது. ஒன்றுக்கு உரிய தடுப்பு மற்றொன்றுக்குப் பயன்படாது. 'ஆட்டுக' என்னும் வினையும் கருதத்தக்கது. தமிழில் ஆட்டுதல் அசைத்தலையும் அரைத்தலையும் குறிக்க, மலையாளத்தில் அது துரத்துதலையும் குறிக்கிறது. 'கோழியை ஆட்டி' என்னும் மலையாளத் தொடர் தமிழர்க்குக் கோழியை உலுக்கிய செயலாகவே தோன்றும்.

கட்டடத்தைக் கொண்டு பறவைக்குப் பெயரிடுதல் இருமொழிக்கும் பொது. தமிழ் 'மாடப்புறா', மலையாள 'மாடப்பிராவு' இரண்டும் மாடத்தில் உறைவதால் பெற்ற பெயர்கள். அதே புறா மலையாளத்தில் 'அம்பலப்பிராவு' எனக் கோயிற்புறாவாகவும் வழங்குகிறது. சிட்டுக்குருவி தமிழில் ஊர்க்குருவி, அடைக்கலங்குருவி, மலையாளத்தில் 'அங்ஙாடிக்குருவி'. அரிசி மண்டியில் சிந்திய மணியைப் பொறுக்கும் குருவியை அங்காடியோடு சேர்த்த மக்கள் அதனைக் கள்வன் என்று பெயரிடவில்லை. அடைக்கலம் என்னும் தமிழ்ப் பெயரோ ஒருபடி மேலே சென்று, வீட்டுக்குள் கூடு கட்டிய பறவையை வெளியேற்றுதலை அறத்துக்கு மாறானதாக்கிவிடுகிறது. அறுவடை முடிந்ததும் முதற்கதிர்களைப் பின்னிக் கொத்தாக வீட்டு முகப்பில் தொங்கவிடும் வழக்கம் கேரளத்திலும் தமிழகத்திலும் உண்டு. மலையாளத்தில் இது 'கதிர்க்குலை'. குருவிகள் அதனை உண்ண வரும். பறவைக்குரிய பங்கு வாயிலுக்கு வெளியே, மனிதர்க்குரியது பத்தாயத்துக்கு உள்ளே என்னும் எல்லை இதனால் வகுக்கப்பட்டது.

நன்மை, தீமை என்னும் பகுப்பு

பறவைகளை வேளாண்மைக்கு நன்மை செய்வன, தீமை செய்வன எனப் பகுக்கும் முறை இந்தியாவில் அறிவியல் நூல் வாயிலாக நிலைபெற்றது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலாகும். பீகாரின் பூசாவில் இயங்கிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்து சி. டபிள்யூ. மேசனும் எச். மேக்ஸ்வெல்-லெஃப்ராயும் உருவாக்கிய இந்தியப் பறவைகளின் உணவு பற்றிய நூல் 1912இல் வெளிவந்தது. பறவைகளின் இரைப்பையைத் திறந்து அதில் உள்ள தானியத்தையும் பூச்சியையும் எண்ணிக் கணக்கிட்டமை இந்நூலின் சிறப்பு. அதே ஆண்டில்தான் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. காக்க வேண்டியது எது, காக்க வேண்டாதது எது என்னும் வினா இவ்வாறு ஆய்வுக்கூடத்திலும் சட்டமன்றத்திலும் ஒரே காலத்தில் எழுந்தது. மேசனின் கணக்கு பல பறவைகளுக்குச் சார்பாகவே அமைந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். தானியம் தின்னும் பறவை குஞ்சு பொரிக்கும் காலத்தில் பூச்சிகளையே ஊட்டுகிறது என்னும் உண்மை இரைப்பைகளில் வெளிப்பட்டது. ஆயினும் பகுப்பு நிலைத்தது. 'தீமை செய்யும் பறவை' என்னும் வகை உருவானபின் ஓப்புதல் போதாததாகத் தோன்றலாயிற்று. ஓப்பும் செயலுக்கு எல்லை நெல் காயும் வரைதான். வகையைக் குறிவைத்த செயலுக்கு அத்தகைய எல்லை கிடையாது.

இவ்வேறுபாட்டின் முழு விளைவைச் சீனத்தில் காணலாம். 1958இல் அங்குத் தொடங்கிய நான்கு தீங்குகளை நீக்கும் இயக்கத்தில் எலி, ஈ, கொசு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியும் சேர்க்கப்பட்டது. மக்கள் திரண்டு தட்டையும் பானையையும் முழக்கினர். குருவிகள் அமர இடமின்றிப் பறந்து பறந்து களைத்து வீழ்ந்தன. குறிஞ்சிப்பாட்டுக் காட்டும் ஓசையும் இவ்வோசையும் ஒரே வகையின. ஆனால் குறிஞ்சி மகள் தினையின் மீது அமர விடவில்லை. இவ்வியக்கம் எங்குமே அமர விடவில்லை. கருவி மாறாமலே வினை மாறியதற்கு இதனினும் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை. பூச்சிகள் பெருகி விளைச்சலுக்குக் கேடு நேர்ந்தபின் 1960இல் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டு மூட்டைப்பூச்சி அவ்விடத்தைப் பெற்றது.

இந்தியாவில் இத்தகைய இயக்கம் நடைபெறவில்லை. எனினும் அதன் சொல்வழக்கு வேறு வழியில் நுழைந்தது. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1958இல் ஒழிப்புத் திட்டமாக மாற்றப்பட்டது. கட்டுப்பாடு என்பது அளவுக்குள் வைத்தல், ஒழிப்பு என்பது அடியோடு இல்லாமற் செய்தல் என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் கலைச்சொல் அளவில் பேணப்பட்டது. தமிழ்ப் பொதுவழக்கிலோ கொசு ஒழிப்பு, எலி ஒழிப்பு எனப் பின்னது பெருவழக்காயிற்று. 'கட்டுப்பாடு' என்னும் சொல்லுக்கு ஊர்க் கட்டுப்பாடு, மனக் கட்டுப்பாடு என்னும் பழைய பொருள்கள் இருந்தமையால், பூச்சிக்கும் பறவைக்கும் அது பொருந்தாதது போன்று தோன்றியிருத்தல் கூடும். விளைவாக, ஆங்கில மூலம் 'கட்டுப்படுத்துக' என்று மட்டும் கூறும் இடத்திலும் தமிழ்த் துண்டறிக்கை 'ஒழிக்க' என்று கூறும் நிலை ஏற்பட்டது. மூலத்தில் வலை கட்டச் சொன்ன வரி, பெயர்ப்பில் நஞ்சு வைக்கச் சொல்லும் வரியாகப் படிக்கப்படக்கூடும்.

சட்டச் சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஐந்தாம் பட்டியலில் காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றைப் பாதுகாப்புக்கு உட்படாத தீங்குயிர்களாக வைத்திருந்தது. நான்காம் பட்டியல் புறாக் குடும்பத்தைப் பாதுகாத்தது. ஆனால் மாடப்புறாவை மட்டும் விலக்கியது. காட்டில் வாழும் புறாவுக்குக் காவல் உண்டு, மாடத்தில் வாழும் புறாவுக்கு இல்லை என்பது இதன் பொருள். 2022இல் நிறைவேறி 2023 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தம் ஆறு பட்டியல்களை நான்காக்கியதோடு தீங்குயிர்ப் பட்டியலையும் நீக்கியது. இனி ஒன்றிய அரசு தனி அறிவிக்கை வாயிலாகவே ஓர் உயிரை அவ்வகையில் சேர்க்க முடியும். அதுவும் குறித்த பகுதிக்கும் குறித்த காலத்துக்கும் மட்டுமே. இடமும் காலமும் வரையறுத்த இவ்வமைப்பு, ஒரு வகையில் பார்த்தால், ஓப்புதலின் எல்லைகளைச் சட்டத்துக்குள் மீண்டும் கொண்டுவந்துள்ளது. ஆயின் இதற்கான மலையாளச் சொல் 'க்ஷுத்ரஜீவி'. காட்டுப்பன்றியை அவ்வாறு அறிவிக்க வேண்டும் எனக் கேரள அரசு கோரியபோது இச்சொல் நாளிதழ்களில் பெருவழக்காயிற்று. அற்பம், இழிவு என்னும் பொருளுடைய வடசொல்லடி இதில் உள்ளது. சட்டம் வகுப்பது பாதுகாப்பின் அளவு. பெயர்ப்பு கூறுவதோ உயிரின் தரம். தமிழின் 'தீங்குயிர்' இழிவுப் பொருள் தருவதில்லை. எனினும் தீங்கை உயிரின் நிலையான இயல்பாக்கிவிடுகிறது.

இன்றைய களம்

கழக்கூட்டத்தின் நிலப்பரப்பே இதற்கிடையில் மாறிவிட்டது. 1963 நவம்பரில் தும்பாவிலிருந்து முதல் ஏவூர்தி எழுந்தது. 1990இல் டெக்னோபார்க் நிறுவப்பட்டது. 2010இல் ஊராட்சி திருவனந்தபுரம் மாநகராட்சியோடு இணைந்தது. கேரளம் முழுவதிலும் 1974-75இல் ஏறத்தாழ 8.8 இலட்சம் ஹெக்டேராக இருந்த நெற்பரப்பு ஏறத்தாழ 2 இலட்சம் ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. நெல் போனபின் களப்புரையும் பத்தாயமும் போயின. எஞ்சியவை அருங்காட்சிப் பொருளாயின. இன்று வேளாண் கட்டடம் என்றால் பெரும்பாலும் கோழிக்கொட்டகையும் மாட்டுக்கொட்டகையுமே. பறவையை அங்கே தடுப்பது சிந்தும் தீனிக்காக மட்டுமன்று, நோய்க்காகவும் ஆகும்.

2023 சனவரியில், கழக்கூட்டத்துக்கு வடக்கே கணியாபுரம், முருக்கும்புழை ஆகியவற்றைக் கடந்து அமைந்த அழூர் ஊராட்சியின் பெருங்குழிப் பகுதியில் பறவைக் காய்ச்சல் உறுதிசெய்யப்பட்டது. நோய் கண்ட இடத்தைச் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் வளர்ப்புப் பறவைகளை அழித்தலும் 10 கிலோமீட்டர் வரை கண்காணித்தலும் தேசியச் செயல்திட்டம் வகுத்த நெறிமுறை. அழிக்கப்பட்டவை வளர்ப்புக் கோழியும் வாத்துமே. காட்டுப் பறவைகளைப் பொறுத்தவரை இந்நெறிமுறை கூறுவது வேறு: அவற்றை வளர்ப்புப் பறவைகளோடு கலக்க விடாமை. இரண்டையும் ஒரே 'ஒழிப்பு' என்னும் சொல்லுக்குள் அடக்கினால் கொக்கின் கூட்டைக் கலைப்பதும் நோய்த்தடுப்பு என்றாகிவிடும். கூடு கலைந்த பறவைகள் சிதறிப் புதிய இடங்களைத் தேடுவதால் நோய் பரவ வாய்ப்பு மிகும் என்பது நோயியலார் எச்சரிக்கை. சொல்லின் பிழை இங்கே நோயின் வழியாகிறது. இத்துறையின் மற்றொரு கலைச்சொல்லிலும் தெளிவின்மை உண்டு. ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிரைக் கையாளும் பாதுகாப்பும் கொட்டகைக்குள் நோய் புகாமல் தடுக்கும் காப்பும் ஆங்கிலத்தில் இரு வேறு சொற்கள். தமிழில் இரண்டும் 'உயிரிப் பாதுகாப்பு' என்றே எழுதப்படுகின்றன. பின்னதற்குக் 'கொட்டகைக் காப்பு', 'பண்ணைக் காப்பு' போன்ற எளிய தொடர் போதுமானது. காத்தல் என்னும் பழைய வினை இத்தொழிலுக்குப் புதியதன்று.

கொட்டகைக் காப்பின் நடைமுறை பெரும்பாலும் அறப்புரைத் தச்சனின் நடைமுறையே. திறப்புகளில் வலை பொருத்துதல், கூரைக்கும் சுவருக்கும் இடையுள்ள இடைவெளியை அடைத்தல், அமர வாய்ப்பான விளிம்புகளைச் சரிவாக அமைத்தல், தீனியைச் சிந்தாமல் மூடிவைத்தல் ஆகியவை அதில் அடங்கும். புறாவைத் தடுக்க ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் கண் கொண்ட வலை போதும். சிட்டுக்குருவிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. வலையின் துளைக்குக் 'கண்' என்பது மீனவர் சொல். துண்டறிக்கைகளில் காணும் 'துளை அளவு', 'இடைவெளி விட்டம்' போன்ற ஆக்கங்களைவிட இது தெளிவானது; தும்பாக் கடற்கரையில் கேட்டாலும் விளங்குவது. வலை கட்டுமுன் உள்ளே கூடும் குஞ்சும் உண்டா எனப் பார்த்து, குஞ்சுகள் பறந்தபின் அடைக்க வேண்டும் என்பதும் நடைமுறையின் பகுதி. இல்லையேல் தாய்ப்பறவை வெளியிலும் குஞ்சு உள்ளேயும் சிக்கிவிடும்.

பெயர் ஒன்று எஞ்சியுள்ளது. ஆங்கிலத்தில் களஞ்சியத்தின் பெயரால் அழைக்கப்படும் வெண்ணிற ஆந்தை, இதய வடிவ முகமுடையது. மலையாளம் அதனை 'வெள்ளிமூங்ங' என்றும் 'பத்தாயப்பக்ஷி' என்றும் வழங்கும். நெற்பெட்டியின் அருகே எலியைத் தேடி வருவது கண்டு இட்ட பெயர் அது. ஆங்கிலமும் மலையாளமும் தனித்தனியே ஒரே காட்சியிலிருந்து ஒரே பெயரை அடைந்துள்ளன. தமிழில் இதற்குக் 'கூகை' என்னும் இலக்கியப் பெயர் உண்டு. ஆயினும் அச்சொல் பிற பெரிய ஆந்தைகளுக்கும் வழங்குவதால் தெளிவு குறைகிறது. பேச்சு வழக்கில் இப்பறவைக்கு வாய்த்த பெயர் 'சாக்குருவி'. அது கத்தினால் சாவு நேரும் என்னும் நம்பிக்கையிலிருந்து பிறந்த பெயர். மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலியைக் குறைக்க இவ்வாந்தைக்கெனக் கூண்டு அமைத்துத் தரும் முறை 1980களில் பரவலாயிற்று. வேளாண் கட்டடத்தில் விலக்க வேண்டாத பறவை ஒன்று உண்டெனில் அது இதுவே. மலையாளத் துண்டறிக்கையில் 'பத்தாயப்பக்ஷியை விரட்டாதீர்' என ஒரு வரி இருப்பதாகக் கொள்வோம். அதனைச் 'சாக்குருவியை விரட்டாதீர்' எனப் பெயர்த்தால் பெயர்ப்பு பிழையன்று, பறவை அதுவே. ஆனால் அவ்வரியைப் படித்த உழவர் அன்று மாலையே கம்பெடுப்பார். 'களஞ்சியக் கூகை' எனவோ 'பத்தாயக் கூகை' எனவோ பெயர்த்தால் நெற்பெட்டிக்கும் ஆந்தைக்கும் உள்ள உறவு பெயரிலேயே நிற்கும். பின்னது நாஞ்சில் நாட்டிலும் தஞ்சையிலும் விளக்கமின்றியே புரியும்; பத்தாயம் அறியாத மேற்கு மாவட்டங்களுக்கு முன்னது ஏற்றது.